கல்லூரிப் பெண் ஆசிரியர்களுக்கு இடையே வழிகாட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்திக்கொண்டோ, பிஹெச்.டி. செய்துகொண்டோ, இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டோ இருக்கும் பெண்களுக்காகவும், அவர்களுக்குக் கைகொடுக்க நினைக்கும் மூத்த பேராசிரியைகளுக்காகவும் எழுதியது. வழிகாட்டுபவரை மூத்தவர் என்றும், வழி கேட்பவரை இளையவர் என்றும் சொல்கிறோம். வயதில் இளையவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நாற்பது வயதில் பிஹெச்.டி. பதிவு செய்தவரும் இங்கே இளையவர்தான்.

எனக்குத்தான் கைடு இருக்கிறாரே, தனியாக இன்னொரு வழிகாட்டி எதற்கு?

கைடு உங்கள் ஆய்வேட்டுக்குப் பொறுப்பானவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அரையாண்டு அறிக்கை நகரும், சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) போகும். அப்படிப்பட்டவரிடம் போய் "இந்த அத்தியாயத்தில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை" என்றோ "அடுத்த வருஷம் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்" என்றோ மனம்விட்டுச் சொல்ல முடிவதில்லை. துறைத்தலைவரிடமும் அதே சிக்கல்தான். டைம் டேபிளும் விடுப்பும் அவர் கையில். இந்த இரண்டு அதிகாரமும் இல்லாத, ஆனால் இதே வழியில் உங்களுக்குப் பத்து வருஷம் முன்னால் போன ஒரு பெண் தேவை.

கல்லூரிகளைத் தரமிடும் நாக் குழுவின் பார்வைக்காக மாணவர்களை ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்து எழுதிவைக்கும் மென்ட்டார் நோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது மாணவர்களுக்கானது.

பெண்களுக்குப் பெண்களே ஏன்?

கல்லூரியில் சர்க்குலராக வருவது பாதித் தகவல்தான். மீதி, வாயிலுக்கு வெளியே உள்ள டீக்கடையில் நாலரை மணிக்கு மேல் பரிமாறப்படுகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்வாளர் பட்டியல் தயாராகிறது, பாடத்திட்டக் குழுவில் யார் இடம் காலியாகிறது, எந்தக் கல்லூரியில் பணியிடம் வரப்போகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். அந்த நேரத்தில் பெண்கள் குடியாத்தம் பஸ்ஸையோ காட்பாடியில் ரயிலையோ பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆற்றல் குறைவால் யாரும் பின்தங்குவதில்லை. ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதி தெரியாமல் போனதாலேயே பின்தங்கியவர்கள் ஏராளம்.

வேலைப் பங்கீடு அடுத்தது. ஆண்களும் பெண்களும் உள்ள கல்லூரியில் விழா என்றால் வரவேற்புரை, குத்துவிளக்கு, கோலம், விருந்தினருக்குச் சால்வை எல்லாம் இளம் பேராசிரியைகள் தலையில் விழும். உள்தர உறுதிக் குழு, தேர்வுப் பிரிவு, திட்ட நிதி விண்ணப்பம் ஆகியவை வேறு கைகளுக்குப் போகும். பதவி உயர்வுக் கோப்பில் எது எடை தரும் என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-ல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளி (இன்றைய சிஎம்சி) பெண்களுக்கு மட்டுமானது. 1947-ல்தான் அங்கே ஆண்களைச் சேர்த்தார்கள். அந்த நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்திய முதல் இந்தியர் ஹில்டா லாசரஸ், அவரும் பெண். பெண்ணுக்குப் பெண் கற்றுக்கொடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கம் இங்கே நூறு வருஷத்துக்கும் மேல் பழையது.

எங்களுடையது பெண்கள் கல்லூரி. எல்லாருமே பெண்கள்தானே, தானாக நடந்துவிடாதா?

நடப்பதில்லை. ஒரே துறையில் ஆறு பேர், பதவி ஒன்று, சீனியாரிட்டி பட்டியல் ஒன்று என்றால், பக்கத்து நாற்காலிக்காரர் மனசு வைத்துச் சொல்லிக்கொடுப்பது அவருக்கே கஷ்டம். அரசு உதவிபெறும் பணியிடத்தில் இருப்பவருக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டாஃப் என்று அழைக்கப்படும் சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கும் நடுவே உள்ள சுவர் அதைவிட உயரம். ஒரே பாடம், ஒரே வகுப்பறை, சம்பளம் மட்டும் மலைக்கும் மடுவுக்கும். "எல்லாம் பொறுமையாகச் செய்யுங்கள், நேரம் வரும்" என்று உதவிபெறும் பிரிவுக்காரர் சொல்லும் அறிவுரை, வருடாவருடம் பணி நீட்டிப்புக்குக் காத்திருப்பவர் காதில் எப்படி விழும் என்று யோசிக்க வேண்டும்.

அதனால் ஜோடியை வேறு கல்லூரியிலிருந்து சேர்ப்பது நல்லது. காட்பாடியில் வேலை பார்ப்பவருக்கு வாலாஜாவிலிருந்து ஒருவர், வாணியம்பாடிக்காரருக்குத் திருப்பத்தூரிலிருந்து ஒருவர். துறையும் அப்படியே ஒன்றாக இருக்கத் தேவையில்லை. வணிகவியலும் பொருளியலும், விலங்கியலும் உயிர்வேதியியலும் சேரலாம். தமிழ்த் துறைக்காரருக்கு இயற்பியல் மூத்தவர் என்றால் பதவி, விடுப்பு, குடும்பம் பற்றிப் பேசலாம், எழுத்தைத் திருத்த முடியாது. அப்போது எழுத்துக்கு மட்டும் இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் கிடைப்பது அபூர்வம்.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

பெரிய பெயர் உள்ளவரைத் தேடாதீர்கள். கருத்தரங்கில் ஒரு மாணவி திணறும்போது கேள்வியை எளிதாக்கிக் கேட்டவர் யார், உங்கள் மெயிலுக்கு இரண்டு வரியாவது பதில் போட்டவர் யார் என்று பாருங்கள். பணி ஓய்வுக்கு ஓரிரு வருஷம் இருப்பவரும் நல்ல தேர்வுதான். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக பிஹெச்.டி. மாணவரை எடுக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. வழிகாட்டியாக இருக்க எந்தத் தடையும் இல்லை, கையில் நேரமும் இருக்கும்.

"மேடம், நீங்கதான் எனக்கு எல்லாம்" என்று தொடங்கினால் எவரும் பின்வாங்குவார்கள். எவ்வளவு நேரம், எதற்காக, எத்தனை மாதம் என்பது தெரிந்தால் ஒத்துக்கொள்வது சுலபம். இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் மேடம். மெல்விஷாரத்தில் உதவிப் பேராசிரியராக மூன்றாம் வருஷம். பிஹெச்.டி. பதிவு செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் கட்டுரையை எங்கே அனுப்புவது, வகுப்பு வேலைக்கு நடுவே எழுத நேரம் எப்படி ஒதுக்குவது, இந்த இரண்டில் உங்கள் யோசனை வேண்டும். மாதம் ஒரு முறை நாற்பது நிமிடம், ஆறு மாதத்துக்கு. முடியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள் மேடம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க வழி இருந்தால்தான் சம்மதத்துக்கு மதிப்பு. பத்து நாள் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறொருவரிடம் போங்கள், மனஸ்தாபம் வேண்டாம்.

முதல் சந்திப்பில் என்ன பேசுவது?

இளையவர் மூன்று பொருள் கொண்டுபோக வேண்டும். இரண்டு பக்கத்தில் தன்விவரம், தான் எழுதியதில் ஏதாவது ஒரு பக்கம், போன ஒரு வாரத்தை மணிவாரியாக எழுதிய தாள். மூன்றாவதுதான் முக்கியம். காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, ஏழரை பஸ், நாலு வகுப்பு, மாலை டியூஷன், இரவு பேப்பர் திருத்தம் என்று எழுதிப் பார்த்தால் ஆராய்ச்சிக்கு மிச்சம் எத்தனை மணி என்பது இருவர் கண்ணுக்கும் தெரியும். வாரத்துக்கு நாலு மணிதான் மிச்சம் என்றால் அதற்குத் தகுந்த திட்டம் போடலாம். அதைப் பார்க்காமல் "தினமும் இரண்டு மணி நேரம் எழுதுங்கள்" என்று சொன்னால் இளையவர் தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த மாதம் முகம் காட்டத் தயங்குவார். பாதி உறவுகள் அறுந்துபோவது இந்த இடத்தில்தான்.

அன்றே வாய்விட்டுப் பேசி முடிக்க வேண்டியவை: இரவு எத்தனை மணிக்கு மேல் வாட்ஸ்அப் கூடாது, பேசியதில் எது வெளியே போகக் கூடாது, இரண்டு பேருக்கும் தெரிந்த மூன்றாம் ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால் என்ன செய்வது. மூன்றாவது சங்கடமாக இருக்கும். ஆனாலும் பேசுங்கள், இந்த வட்டாரத்தில் கல்லூரிகள் பல இருந்தாலும் ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இன்று குறை சொல்லப்பட்டவர் நாளை உங்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உட்கார்ந்திருக்கலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை, எங்கே?

காலண்டர் மாதத்தைப் பார்க்காமல் செமஸ்டரைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் மாதம் ஒன்று. நவம்பர் தேர்வு, அதைத் தொடர்ந்த விடைத்தாள் திருத்தும் முகாம் நேரத்தில் சந்திப்பு வேண்டாம், ஐந்து நிமிடப் போன் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை மறுபடி மாதம் ஒன்று. மே மாதம் வகுப்பு இல்லையே என்று நீண்ட எழுத்து வேலையை அங்கே தள்ளுவார்கள். வேலூர் வெயிலில், பிள்ளைகள் விடுமுறையில் வீட்டில் இருக்கும்போது, அதிகாலை இரண்டு மணி நேரத்தைத் தவிர வேறு ஒன்றையும் நம்பாதீர்கள்.

இடம் கல்லூரி நூலகமாகவோ காலி வகுப்பறையாகவோ இருக்கட்டும். ஸ்டாஃப் ரூமில் பத்து காது இருக்கும். மூத்தவர் வீட்டில் தொடர்ந்து சந்திப்பதும் சரிப்படாது. முதல் தடவை காபி, இரண்டாம் தடவை டிபன், மூன்றாம் தடவை இளையவர் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார், பேச வந்த விஷயம் நடந்திருக்காது.

பிஹெச்.டி. செய்யும் பெண்ணுக்கு மூத்தவர் குறிப்பாக என்ன சொல்லித்தர வேண்டும்?

விதிகளை. யுஜிசியின் 2022 பிஹெச்.டி. ஒழுங்குமுறையில் பெண்களுக்கென்று உள்ள சலுகைகளைப் பல ஆய்வாளர்கள் கேள்விப்பட்டதே இல்லை. பிஹெச்.டி. முடிக்கக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு மூலம் இன்னும் 2 ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு, ஆக மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாற நேர்ந்தால், செய்த ஆய்வைப் புது ஊரின் நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. அந்த ஆய்வு பழைய நிறுவனம் நிதி பெற்ற திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது, பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய இடம் தர வேண்டும், அவ்வளவுதான். "கல்யாணம் ஆகி பெங்களூரு போகிறேன், பிஹெச்.டி.யை விட்டுவிட்டேன்" என்று சொல்பவரிடம் இந்த ஒரு விதியைக் காட்டினாலே போதும்.

பதிவு செய்த வருஷத்தைப் பொறுத்து எந்த விதி பொருந்தும் என்பது மாறும். அதனால் திருவள்ளுவர் பல்கலைக்கழகமோ வேறு எதுவோ, பதிவு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறையை இருவரும் சேர்ந்து படியுங்கள். நீட்டிப்பு விண்ணப்பத்தைக் காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். திருப்பத்தூரிலிருந்து திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உள்ள சேர்க்காடு வந்து ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் சம்பள விடுப்பு போய்விடும். எந்தப் பிரிவு, எந்தப் படிவம், எத்தனை நகல், கட்டணம் எந்த வழியில் என்று முந்தின நாளே போனில் கேட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள்.

ஆய்வின் உள்ளடக்கத்தில் கைடு சொல்வதற்கு எதிராக மூத்தவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இரண்டு மேடத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆய்வாளர் கரையேறுவது கடினம். "இதை உங்கள் கைடிடம் எப்படிக் கேட்கலாம் என்று யோசிப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எழுத்தைத் திருத்தித் தருவது எப்படி?

முழுக் கட்டுரையையும் சிவப்பாக்கித் திருப்பிக் கொடுப்பதில் பயன் குறைவு. ஒரு பத்தியை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு குறையைக் காட்டுங்கள். உதாரணமாக, "ஆம்பூர் தோல் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு" என்று தலைப்பு வருகிறது. ஊர் பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும் தலைப்பு இது. "யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஷூவின் மேல்பாகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து தைப்பவர்கள் மேடம்." "அவர்களிடம் எது உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது?" "கம்பெனி வேலை கிடைத்தும் சிலர் போகவில்லை." "ஏன்?" இந்த 'ஏன்'தான் கட்டுரை. தலைப்பு, முன்னுரை, தொழிலாளர்களிடம் கேட்கும் கேள்விகள் எல்லாம் அதிலிருந்து மாறும். கால் மணி நேரம்கூட ஆகாது.

எந்த ஆய்விதழில் வெளியிடுவது? யுஜிசி கேர் பட்டியல் இருக்கிறதே?

ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் காட்டிய அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசி நிறுத்திவிட்டது. இப்போது இதழின் தரத்தைக் கல்லூரியும் ஆய்வாளரும்தான் எடைபோட வேண்டும். போலி இதழ்களுக்கு இது கொண்டாட்டம். "மூன்று நாளில் ஏற்பு, பணம் கட்டினால் சான்றிதழ்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை மூத்தவர் பார்த்ததும் தடுக்க வேண்டும். இதழின் இணையதளத்தில் ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு பெயரை எடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழ் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போன வருஷ இதழில் மூன்று கட்டுரைகளைத் திறந்து படியுங்கள். ஒரே இதழில் தமிழ் இலக்கியமும் நானோ வேதியியலும் பங்குச்சந்தையும் கலந்து வந்தால் விலகிவிடுங்கள். பழைய நல்ல இதழின் பெயரிலேயே நகல் இணையதளம் நடத்துவதும் உண்டு. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

மூத்தவர் பெயரைக் கட்டுரையில் சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். திருத்திக் கொடுத்ததற்கு நன்றிக் குறிப்பு போதும். தரவு சேகரித்தோ, பகுப்பாய்வு செய்தோ, ஒரு பகுதியை எழுதியோ இருந்தால் மட்டும் பெயர், அதையும் எழுதத் தொடங்கும் முன்பே பேசி வரிசையையும் முடிவு செய்து மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். "மரியாதைக்காக" பெயர் போடும் பழக்கத்தை மூத்தவர்தான் நிறுத்த முடியும். இளையவரால் "வேண்டாம் மேடம்" என்று சொல்ல முடியாது.

வேலை, பதவி உயர்வு விஷயத்தில் என்ன உதவி?

யுஜிசியின் தகுதித் தேர்வான நெட்டில், ஆய்வு செய்யத் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகைக்குப் பெண்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு உண்டு; உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை. "முப்பது ஆகிவிட்டது, இனி எதற்கு" என்று ஒதுங்கியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அறிவியல் படிப்பையோ ஆய்வையோ இடையில் விட்டவர்கள் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டத்தின் அறிவிப்புகளைக் கவனிக்கலாம். பெற்றோருக்கு ஒரே பிள்ளையான பெண் என்றால் சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே பெயரிலான யுஜிசி உதவித்தொகையைப் பாருங்கள்.

நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு யுஜிசி 2018 விதிப்படி முதல் உயர்வுக்கு பிஹெச்.டி. இருந்தால் 4 ஆண்டு, எம்.பில். என்றால் 5, முதுகலை மட்டும் என்றால் 6 ஆண்டு சேவை வேண்டும். பெண்கள் தடுக்கி விழுவது சேவை ஆண்டில் இல்லை, ஆசிரியர்களுக்கான 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சியிலும் ரெஃப்ரஷர் பயிற்சியிலும்தான். கைக்குழந்தை இருக்கிறது என்று தள்ளிப்போட்டு, உயர்வு வரும் வருஷத்தில் சான்றிதழ் இல்லாமல் நிற்பார்கள். பணியில் சேர்ந்த முதல் நாளிலேயே ஒரு ஃபைல் போட்டு, ஒவ்வொரு சான்றிதழின் நகலும் கிடைத்த அன்றே அதில் போக வேண்டும். வருடம் ஒரு முறை மூத்தவர் அந்த ஃபைலைப் புரட்டிப் பார்க்கட்டும்.

அறிவுரையோடு நிற்காமல் பெயரைச் சொல்லுங்கள். உங்களை ஒரு கருத்தரங்குக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள், உங்களால் முடியவில்லை என்றால், "இந்தப் பெண் நன்றாகப் பேசுவாள், கூப்பிடுங்கள்" என்று எண்ணைக் கொடுங்கள். பத்துச் சந்திப்பில் கிடைக்காதது இந்த ஒரு போனில் கிடைக்கும்.

பிரசவ விடுப்புக்குப் போகும்போது?

தமிழக அரசுப் பணியில் 2021 முதல் 12 மாதம். தனியார் கல்லூரியில் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். சுயநிதிக் கல்லூரியில் "மூன்று மாதம்தான், சம்பளம் கிடையாது" என்று வாய்மொழியாகச் சொன்னால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையுடன் நகல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். விடுப்புக் காலத்தில் மூத்தவர் வேலை கேட்கக் கூடாது. மாதம் ஒரு முறை விசாரித்தால் போதும். திரும்பி வரும் வாரம்தான் மூத்தவரின் உதவி அதிகம் தேவை. பாடம் மாறியிருக்கும், மேசை மாறியிருக்கும், தாய்ப்பால் எடுத்து வைக்கத் தனியறை இருக்காது. முதல்வரிடம் இதைக் கேட்க இளையவர் கூச்சப்படுவார். மூத்தவர் கேட்கலாம்.

இந்த உறவு எங்கே கெட்டுப்போகிறது?

அம்மாவாக மாறும்போது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று தொடங்கி, புடவை, மாமியார், இரண்டாம் குழந்தை வரை போய்விடும். கேட்காத விஷயத்தில் மூத்தவர் வாய் திறக்காமல் இருப்பது பெரிய உதவி.

சின்னச் சின்ன வேலை வாங்கும்போது. கேள்வித்தாள் டைப் அடிப்பது, இன்டர்னல் மார்க் ஏற்றுவது, பவர்பாயின்ட் தயாரிப்பது. ஒரு தடவை உதவி, மூன்றாம் தடவை கூலியில்லா வேலை.

தன் ஆட்களை மட்டும் தேர்ந்தெடுக்கும்போது. இதை வெளிப்படையாகப் பேச நம்மவர்கள் தயங்குகிறோம். சொந்தச் சாதி, சொந்த மதம், சொந்த ஊர் என்று பார்த்து வழிகாட்டினால், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய தலித் பெண்ணுக்கும் வாணியம்பாடியிலிருந்து பர்தாவோடு வரும் பெண்ணுக்கும் ஆள் கிடைக்காது. இரண்டு பேருக்கு வழிகாட்டுபவர் என்றால் ஒருவராவது தன் வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

பாலியல் தொல்லை பற்றி இளையவர் சொன்னால்?

முதலில் நம்புங்கள். "அவரிடம் நான் பேசிப் பார்க்கிறேன்" என்று சமரசத்துக்குப் போகாதீர்கள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். அதனால் தேதிதான் முக்கியம். அன்றே தேதி, இடம், நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் யார் என்று இளையவர் தன் கையால் எழுதட்டும். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். குழுவில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் எழுத்தில் கேட்கலாம். புகார் தருவதா இல்லையா என்பது அவர் முடிவு. கூடப் போய் வெளியே உட்கார்ந்திருப்பது உங்கள் வேலை.

ஆண் பேராசிரியர் வழிகாட்டியாக இருக்கக் கூடாதா?

தாராளமாக இருக்கலாம். இங்கே சொன்ன இடம், நேரம், மெசேஜ் ஒழுங்கெல்லாம் அப்போதும் அப்படியே.

கல்லூரி நிர்வாகம் என்ன செய்யலாம்?

டைம் டேபிளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். யுஜிசி விதியில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரடி வகுப்பு. அதற்கு மேல் ஏற்றிவிட்டு வழிகாட்டுதலையும் எதிர்பார்த்தால் தாளில் மட்டும்தான் நடக்கும். ஜோடிகளைக் குலுக்கல் முறையில் போடாதீர்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுதித் தரட்டும். முதல் வருஷம் ஐந்தாறு ஜோடி போதும். என்ன பேசினார்கள் என்று அறிக்கை கேட்காதீர்கள், சந்தித்தார்களா என்று மட்டும் கேளுங்கள். அறிக்கை கேட்ட அன்றே மனம்விட்ட பேச்சு நின்றுவிடும்.

எப்போது முடித்துக்கொள்வது?

அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம் 1983-ல் இந்த உறவை நாலு கட்டமாகப் பிரித்தார்: தொடங்குவது, வளர்வது, பிரிவது, பிறகு வேறு உருவில் தொடர்வது. நம் கல்லூரிகளில் மூன்றாவது கட்டத்தை யாரும் பேசுவதில்லை. போன் குறையும், ஒருவர் மற்றவரை நன்றி கெட்டவர் என்று நினைப்பார். அதைத் தவிர்க்கத்தான் தொடக்கத்திலேயே ஆறு மாதம் என்று சொன்னது. அந்தக் கெடு முடியும் சந்திப்பில் தொடர்வதா, வேறு விஷயத்துக்கு மாற்றுவதா, நிறுத்துவதா என்று கேட்டுவிடுங்கள். ஒத்துவராவிட்டால் "மேடம், நான் நினைத்த வேலை ஓரளவு முடிந்தது, இனி தேவைப்படும்போது தொந்தரவு செய்கிறேன்" என்று இளையவர் சொல்லலாம். காரணம் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

நிறுத்திய பிறகும் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். பதினைந்து நாள் முன்னதாக, வேலை விளம்பரத்தின் நகலும் புதுத் தன்விவரமும் சேர்த்து அனுப்ப வேண்டும். மூத்தவர் தன்னிடம் உள்ள வரைவுகள், மதிப்பெண் பட்டியல் நகல்கள், சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று போன்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போனிலும் கம்ப்யூட்டரிலும் உள்ள பிரதிகளை அழித்துவிட வேண்டும்.